உயர்மலை ஈமக்குகைகள்: ‘ஈமக்குடைவு’ என்னும் சொல்லுக்கான முன்மொழிவு

அன்புடையீர்,

நேபாளத்தின் முஸ்தாங் பகுதியில் காளி கண்டகி ஆற்றின் செங்குத்தான பாறைமுகங்களில் காணப்படும் பழங்கால அடக்க இடங்களை நம் கலைச்சொல் பட்டியலில் எப்படிப் பெயரிடுவது என்ற கேள்விக்கு இதுவரை புதைகுகை, கல்லறைக் குகை, ஈமக்குகை, வான்குகை ஆகிய நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அங்கே அகழ்ந்தவர்கள் உண்மையில் கண்டது என்ன என்பதைக் கருத்தில் கொண்டால், இந்த நான்கில் ‘ஈமம்’ என்னும் முற்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, ‘குகை’ என்னும் பிற்பகுதியை மாற்ற வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் முற்பகுதி. புதைத்தல் என்றால் மண்ணிட்டு மூடுதல். 1990களில் ஜெர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத்தாரும் நேபாளத் தொல்லியலாளர்களும் முக்திநாத் பள்ளத்தாக்கின் மெப்ராக்கில் கண்ட உடல்கள் எவையும் மண்ணுக்குள் இருக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த உடல்கள் செம்பு அணிகளோடும் கண்ணாடி மணிகளோடும் மரப்படுக்கைகளின்மேல் கிடத்தப்பட்டிருந்தன. மலையின் குளிரும் வறட்சியும் அவற்றை உலர்த்திக் காத்திருந்தன. எனவே ‘புதை’ பொருந்தாது. ‘கல்லறை’ என்ற சொல்லோ இன்று கட்டி எழுப்பிய சமாதியையே வாசகர் மனத்தில் கொண்டுவரும். ஈமம் என்பது சுடுகாட்டு விறகடுக்கைக் குறிப்பதாயிற்றே என்ற மறுப்பு எழுந்தது. ஆயினும் புறநானூற்றின் 256ஆம் பாட்டு ‘ஈமத் தாழி’ என்று தாழியோடு அதைச் சேர்த்துச் சொல்வதால், எரியூட்டுதலுக்கு வெளியேயும் அச்சொல் பழங்காலத்திலேயே சென்றுவிட்டது என்று கொள்ளலாம். ஈமச்சின்னம், ஈமப்பேழை என்று நம் தொல்லியலார் ஏற்கெனவே எழுதிவருவதும் இதற்குத் துணை நிற்கிறது.

‘வான்குகை’ ஆங்கிலச் செய்திக் கட்டுரைகளின் கவர்ச்சிப் பெயரைப் பின்பற்றியது. படத்தின் கீழே இடுவதற்கு அது அழகாக இருக்கலாம். ஆனால் வகைப்பாட்டுக்கு உதவாது.

இனி, குகை. முஸ்தாங்கின் பாறைமுகங்களில் ஏறத்தாழ 10,000 குகைகள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை மனிதர் குடைந்தவை. பிற்காலத்தில் அங்கே குடியிருந்தார்கள், தானியம் வைத்தார்கள், துறவிகள் தியானத்தில் அமர்ந்தார்கள். இயற்கையாக அமைந்ததற்கும் மனிதர் குடைந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் பெயரிலேயே காட்டும் வாய்ப்பைத் தமிழ் நமக்குத் தருகிறது. இயற்கையானவற்றுக்கு முழை, அளை, விடர் என்று பல சொற்கள் உண்டு. குடைந்தவற்றுக்கோ, குடைவரைக் கோயில் என்ற வழக்கால் எல்லாருக்கும் பழகிப்போன ‘குடை’ என்னும் வினை உண்டு. அதிலிருந்து ‘ஈமக்குடைவு’ இயல்பாகவே பிறக்கிறது. இயற்கைக் குகையில் அடக்கம் செய்யப்பட்டிருந்தால், அதற்கு மட்டும் ஈமக்குகை என்ற பெயரை வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்தக் காரணம் மேல் முஸ்தாங்கில் உள்ள சம்ஜோங். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்விடத்தில் 2009இல் நில அதிர்வால் பாறைமுகத்தின் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தபோது, பொ.ஆ. 400 முதல் 650 வரையிலான காலத்தைச் சேர்ந்த பத்து ஈம அறைகள் வெளியே தெரிந்தன. தொல்லியலாளர் மார்க் ஆல்டென்டெர்ஃபர் தலைமையிலான ஆய்வுக்குழுவில் மலையேற்ற வீரர் பீட் ஏதன்ஸ் போன்றோர் கயிற்றில் தொங்கிக்கொண்டு அவ்வறைகளுக்குள் பக்கவாட்டில் நுழைந்தார்கள். ஆனால் அவற்றைக் கட்டியவர்கள் அப்படி நுழையவில்லை. மேற்பரப்பிலிருந்து கிணறு போலக் கீழ்நோக்கித் தோண்டி, அதன் அடியில் அறை குடைந்து, இறந்தவரை மேலிருந்தே இறக்கியிருக்கிறார்கள். பாறை விழுந்ததால் மட்டுமே இன்று அது நம் கண்ணுக்குக் குகையாகத் தெரிகிறது. பெயர் என்பது கட்டியவரின் செயலைச் சொல்ல வேண்டும். இடிபாட்டின் தோற்றத்தைச் சொல்லக் கூடாது.

இவ்வகையைத் ‘தண்டுக் கல்லறை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். இயந்திரத்தின் சுழல்தண்டுக்கும் செங்குத்துக் குழிக்கும் ஆங்கிலத்தில் shaft என்ற ஒரே சொல் இருப்பதால் விளைந்த குழப்பம் இது. தமிழில் தண்டு ஒருபோதும் குழியாகாது. வாய் எங்கே இருக்கிறது என்பதை வைத்துப் பிரிப்பதே தெளிவானது. மேலிருந்து இறங்குவது மேல்வாய் ஈமக்குடைவு. பாறைமுகத்திலிருந்தே நுழைவது பக்கவாய் ஈமக்குடைவு. மேல்வாய் இலக்கம், கீழ்வாய் இலக்கம் என்று பழைய கணக்கு வாய்பாட்டு நூலான எண்சுவடியில் பழகிய காதுக்கு இந்த அமைப்பு அயலாகவும் ஒலிக்காது.

‘உயர்மலை’ என்பதை அடைமொழியாக மட்டுமே வைக்க வேண்டும். அர்ஜென்டினாவின் லுல்லைலாக்கோ எரிமலையில் 6,700 மீட்டருக்கு மேல், 1999இல் மூன்று இன்காக் குழந்தைகளின் உடல்கள் கிடைத்தன. அதுவும் உயர்மலைத் தொல்லியல்தான். ஆனால் அங்கே குடைவு இல்லை. உயரம் களத்தின் தன்மையைச் சொல்கிறது; அடக்கத்தின் வகையைச் சொல்வதில்லை.

சம்ஜோங் தொடர்பாக இன்னொரு சொல்லையும் முடிவு செய்தாக வேண்டும். அங்குள்ள எலும்புகள் பலவற்றில் கத்தித் தடங்கள் உள்ளன. இறந்தபின் தசையை அகற்றியிருக்கிறார்கள். இதை ‘உடல் கூறிடல்’ என்று ஒரு வரைவில் கண்டேன். அது கொடுமையை நினைவூட்டுகிறது. எலும்புகள் உள்ளிருக்கும் மஜ்ஜைக்காக உடைக்கப்படவில்லை. எனவே இதை உண்பதற்கான செயல் என்று கொள்ள இடமில்லை என ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சடங்காகச் செய்த செயலுக்கு ‘ஊன்நீக்கம்’ என்ற சொல்லே போதும் என்பது என் கருத்து. எலும்பியல் பயின்றவர்கள் இதைவிடத் துல்லியமான சொல்லைத் தந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். ‘கூறிடல்’ மட்டும் பட்டியலில் நுழைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.