பழைய மசில் காரை (பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்கக் கார்) குறைந்த செலவில் ரேஸ் காராக்கியவர்களே, மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

வில்லோ65:
நானே ஆரம்பிக்கிறேன். 1965 மஸ்டாங், 289 கன அங்குல இன்ஜின், முன்னால் கெல்சி-ஹேஸ் நாலு பிஸ்டன் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். துரு வெட்டி வெல்டிங் போட்ட கதை உங்கள் எல்லோரிடமும் இருக்கும், அதை விடுங்கள்.

கலிஃபோர்னியா வில்லோ ஸ்பிரிங்ஸ் டிராக்கில் ஓட்டியவர்களுக்கு எட்டாவது, ஒன்பதாவது வளைவுகள் தெரியும். இரண்டும் வலது, இரண்டும் வேகம், ஒன்பது போகப் போக இறுகும். அதைத் தாண்டி நேர்ப்பாதை முழுக்க மிதித்துக்கொண்டு வந்து முதல் வளைவுக்குப் பிரேக் போடுகிறேன், பெடல் தரை வரை போகிறது. பிரேக்கே பிடிக்கவில்லை. வேகம் மணிக்கு 110 மைலுக்கு மேல். காலைத் தூக்கி மறுபடி மிதித்தேன். பெடல் மேலேயே கெட்டியாக நின்றது, கார் வளைவில் திரும்பிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிட்டில் நிறுத்திப் பார்த்தால் பிரேக் ஃபுளூயிட் குறையவில்லை, எங்கும் கசிவு இல்லை. அந்த முதல் மிதியில் காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஐந்துலிட்டர்:
ஃபுளூயிட் கொதித்திருக்கிறது, வேறென்ன. டாட் 3 தர பிரேக் ஃபுளூயிட் என்றால் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் தாங்கினால் போதும் என்பதுதான் விதி. ஈரம் ஏறிய பிறகு 140 தான். டாட் 4 போடுங்கள், முடிந்தது.

என் சம்பவம் ஆயில். 1989 மஸ்டாங் எல்எக்ஸ், 5.0 லிட்டர் இன்ஜின். தண்டர்ஹில் டிராக்கில் இரண்டாவது வளைவு நீளமான இடது, முடியவே முடியாது. காரோடு வந்த ஆயில் அழுத்த மீட்டரை நம்பாமல் மெக்கானிக்கல் மீட்டர் ஒன்றை ஸ்டியரிங் பக்கத்திலேயே மாட்டியிருந்தேன். வளைவின் பாதியில் முள் மெதுவாகச் சாய ஆரம்பித்தது. சாய்ந்து, சாய்ந்து, படுத்துவிட்டது. காரை நேராக்கியதும் எழுந்துகொண்டது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே படுக்கை. அத்தனை நேரமும் இன்ஜினில் ஒரு சின்ன சத்தம்கூட மாறவில்லை, சுகமாகப் பாடிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயம். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் பானைக் கழற்றி கனெக்டிங் ராட் பேரிங்கை எடுத்துப் பார்த்தபோது சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. ஆயில் எல்லாம் பானின் வலது ஓரத்துக்குப் போய்விட, பம்ப் காற்றை இழுத்திருக்கிறது. தடுப்புத் தகடு வைத்த பான் மாட்டிய பிறகு முள் அசையவில்லை. குதிரைசக்திக்குச் செலவு செய்யும் முன் இதைச் செய்யுங்கள்.

டி-டாப்காரன்:
எங்களது 1986 ஐராக்-இசட் கமாரோ. மலிவுக் கார்களுக்கான லெமன்ஸ் (Lemons) 24 மணி நேரப் பந்தயத்துக்காக நாலு பேர் சேர்ந்து வாங்கினோம். கார் விலை 500 டாலருக்குள் இருக்க வேண்டும், ரோல் கேஜ் (கார் உருண்டால் காக்கும் இரும்புக் கூண்டு), சீட், பெல்ட், பிரேக், வீல், டயர் இவை கணக்கில் வராது. எங்கள் ஆள் உள்ளே இருந்த கார்பெட், கழற்றி மாட்டும் கூரைக் கண்ணாடி, பவர் ஜன்னல் மோட்டார் எல்லாவற்றையும் விற்று காரின் விலையையே பாதியாக்கினார். அது தனிக் கலை.

நான் சொல்ல வந்தது கதவு. கேஜ் போடுவதற்கு முன் ஒருநாள் முன்பக்க இடது மூலையில் மட்டும் ஜாக் வைத்துத் தூக்கினேன். டிரைவர் கதவைத் திறந்தேன், திறந்தது. சாத்தப் போனால் சாத்தவில்லை. பூட்டுக் கொக்கி ஒரு விரல் தள்ளி இடிக்கிறது. காரை இறக்கினேன், டப்பென்று சாத்திக்கொண்டது. கூரையில் இரண்டு பெரிய ஓட்டை இருக்கும் கார் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று படித்திருந்தேன், ஆனால் கையில் கதவைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்ப்பது வேறு. இந்த உடம்புக்கா நாம் கெட்டி ஸ்பிரிங் போடப்போகிறோம் என்று அன்றைக்கே ஆர்டரை நிறுத்தச் சொன்னேன். உடம்பே முறுக்கிக்கொண்டால் ஸ்பிரிங் என்ன செய்யும்? கேஜ் வெல்டிங் முடிந்ததும் அதே மூலையில் ஜாக் வைத்தேன். கதவு அழகாகச் சாத்தியது. எங்கள் அணியில் எல்லோரும் வரிசையாக வந்து ஒரு தடவை திறந்து சாத்திப் பார்த்தார்கள்.

பழையஸ்பானர்:
ஐந்துலிட்டர் தம்பி, கோபப்பட வேண்டாம், வில்லோ65-க்கு நீங்கள் சொன்ன காரணம் பொருந்தவில்லை. கொதித்த ஃபுளூயிடில் ஆவி நிற்கும். ஒரு மிதியில் அது எங்கே போகும்? பிரேக் ஆறும் வரை பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கும். அவருக்கு இரண்டாவது மிதியே கெட்டியாக வந்திருக்கிறது. இது ஃபுளூயிட் இல்லை, பிரேக் பேட் பின்தள்ளல். என் நண்பரின் 1967 டாட்ஜ் டார்ட்டில் சம்மிட் பாயிண்ட் டிராக்கில் பக்கத்து சீட்டில் இருந்தபோது இதையே பார்த்தேன். அவர் முகம் வெளுத்ததை மறக்க முடியாது. அந்தக் காரிலும் அதே வகை நாலு பிஸ்டன் காலிப்பர், அதாவது பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்.

என்ன நடக்கிறது என்றால், வேகமான நீண்ட வளைவில் பாரம் முழுக்க வெளிச்சக்கரத்தில். சக்கரத்தைத் தாங்கும் தண்டான ஸ்பிண்டில் கொஞ்சம் வளையும், பேரிங்கில் ஆட்டம் இருந்தால் ஹப்பும் சாயும், அதோடு டிஸ்க்கும் சாயும். சாய்ந்த டிஸ்க் பேட்டை இடித்து பிஸ்டனை உள்ளே தள்ளிவிடும். நேர்ப்பாதைக்கு வந்ததும் டிஸ்க் நேராகிவிடும், பேட் தானாகத் திரும்பி வராது. முதல் மிதி அந்த இடைவெளியை அடைக்கவே தீர்ந்துவிடும். சறுக்கும் காலிப்பர் டிஸ்க்கோடு கொஞ்சம் நகர்ந்துகொள்ளும், அசையாமல் மாட்டிய காலிப்பரில் இந்தத் தொல்லை அதிகம்.

முதலில் ஜாக் வைத்துச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள், சூட்டில் நீலம் பாய்ந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். புதிது போட்டால் அதிக வெப்பம் தாங்கும் கிரீஸ்தான். கூம்பு ரோலர் பேரிங்கை இறுக்கிக் கொல்லவும் கூடாது. அப்புறம் நேர்ப்பாதையில் பிரேக் இடத்துக்கு முன்பாகவே இடது காலால் பெடலை லேசாக ஒரு தட்டுத் தட்டுங்கள், பேட் டிஸ்க்கிடம் வந்து நிற்கும். இதற்குக் காசே வேண்டாம். இன்னொன்று, இவருக்கு இல்லை, படிக்கிற மற்றவர்களுக்கு. பழைய ஃபோர்டு எக்ஸ்புளோரரின் 8.8 அங்குலப் பின் அச்சை டிஸ்க்கோடு எடுத்து மாட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மலிவு, பலம், நல்லதுதான். ஆனால் அதில் சி வடிவக் கிளிப் ஒன்றுதான் ஆக்சிலைப் பிடிக்கிறது, ஆக்சில் உள்ளும் வெளியும் கொஞ்சம் நகரும், பின்னாலும் இதே பின்தள்ளல் வரும். வாங்கும்போதே அதையும் ஆட்டிப் பாருங்கள். ஃபுளூயிடை மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஒருஅங்குலம்:
ஆர்னிங் டிராப் பற்றி யாரும் சொல்லவில்லையே! 1966 மஸ்டாங். முன் சஸ்பென்ஷனின் மேல் கன்ட்ரோல் ஆர்மை மாட்டும் இடத்தை ஒரு அங்குலம் கீழே இறக்குவது. ஃபோர்டு இன்ஜினியர் கிளாஸ் ஆர்னிங் கணக்குப் போட்டது, ஷெல்பி நிறுவனம் 1965 ஜிடி350 மஸ்டாங் கார்களில் செய்தது. 1966 கார்களில் நடுவிலேயே செலவை மிச்சம் பிடிக்க விட்டுவிட்டார்கள். நமக்கோ ஆளுக்கு ஒரு டிரில்லும் ஒரு காகித அச்சும் போதும்.

எனக்கு மறக்காதது டயர். செய்வதற்கு முன் பிட்டுக்கு வந்தவுடன் இடது முன் டயரைத் தடவினால் வெளி விளிம்பு கையைச் சுடும், ரப்பர் சுருள் சுருளாக உரிந்திருக்கும், உள்விளிம்பு இளஞ்சூடு. அதாவது வளைவில் டயர் தன் ஓரத்தில் மட்டும் நிற்கிறது. ஓட்டை போட்டு, வீல் அலைன்மென்ட் செய்து, அதே டிராக், அதே ஸ்பிரிங், அதே டயர். பிட்டுக்கு வந்து தடவினேன். வெளி, நடு, உள் மூன்று இடமும் கிட்டத்தட்ட ஒரே சூடு. ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே போகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) வாங்கச் சொல்கிறவர்கள் முதலில் இதைச் செய்துவிட்டுப் பேசட்டும்.

ஐந்துலிட்டர்:
பழையஸ்பானர் அண்ணா, இரண்டாவது மிதியைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் "400 குதிரை இல்லாமல் டிராக்குக்கு வராதே" என்று போன வாரம் இங்கேயே ஒருவர் எழுதியதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள். பழைய டிரான்ஸ்-ஆம் பந்தயத் தொடரின் இன்ஜின் விதியே அதிகபட்சம் 305 கன அங்குலம், அதாவது 5 லிட்டர். 1968, 1969 இரண்டு வருடமும் ஓட்டுநர் மார்க் டோனஹ்யூ பென்ஸ்கி அணியின் கமாரோவில் வென்றது 302 இன்ஜினோடு. நன்றாக நின்று திரும்புகிற கார்தான் ஜெயித்தது. நேர்கோட்டில் மட்டும் ஓட்டும் டிராக் (drag) ரேஸ்காரர்களின் அளவுகோலை வைத்துக்கொண்டு புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்தாதீர்கள். ஒருஅங்குலம் சொன்னது போல அவர்கள் டிரில்லோடு ஆரம்பிக்கட்டும்.

வில்லோ65:
ஜாக் வைத்து ஆட்டினேன். வலது பக்கம் அசையவில்லை. இடது பக்கம் டக், டக். எட்டும் ஒன்பதும் வலது வளைவு என்பதால் பாரம் விழுவது அந்தச் சக்கரத்தில்தான்! கழற்றிவிட்டேன், உள் பேரிங்கில் நீலக்கோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் புதிது வாங்கியாகிவிட்டது.

பழையஸ்பானர்:
மிக்க மகிழ்ச்சி. கையோடு பின் டிரம்மையும் திறந்து அட்ஜஸ்ட்மென்ட் பாருங்கள். பிரேக் ஷூ டிரம்மை விட்டுத் தள்ளி நின்றால் அதுவும் முதல் மிதியைத் தின்னும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் வில்லோவுக்குப் போய்வந்து எழுதுங்கள்.