ராக்கெட் எங்கே போயிற்று?

*எங்கள் குடும்பக் குழுவிலிருந்து. பெயர்களுக்குப் பதில் உறவுமுறை மட்டும்.*

சித்தி: எல்லோருக்கும் ஒரு கேள்வி. எங்கள் பள்ளி நூலகத்துக்கு ஆறு டேப்லெட் வந்திருக்கிறது. பொறுப்பு என் தலையில். என்ன செய்யலாம்?

தம்பி: கேம் ஏற்றலாம் சித்தி 🙋

அம்மா: நீ முதலில் வீட்டுப்பாடத்தை முடி.

பெரியப்பா: பீரோவில் வைத்துப் பூட்டிவிடம்மா. புத்தகம் எடுக்க வருகிற பிள்ளையும் அதை வாங்கித் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

சித்தி: பூட்டித்தான் இருக்கிறது அத்தான், ஆறு வாரமாக.

நான்: சித்தி, இப்போது ஒரு பிள்ளை புத்தகம் கேட்டால் எப்படித் தேடுவீர்கள்?

சித்தி: எங்கே தேடுவது? ஞாபகத்திலிருந்து சொல்வேன். பதிவேடு இருக்கிறது, ஆனால் புத்தகம் வந்த வரிசையில் எழுதியது. நான் லீவு போட்டால் நூலகமும் லீவு.

நான்: அப்படியானால் முதல் வேலை நூற்பட்டியல்தான். பின்னட்டை பார்கோடை டேப்லெட் கேமராவில் ஸ்கேன் செய்தால் ஐஎஸ்பிஎன், அதாவது அந்தப் பதிப்புக்கென்றே உள்ள அடையாள எண், வந்துவிடும். அந்த எண்ணை வைத்துத் தலைப்பு, ஆசிரியர் எல்லாம் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் செயலிகள் இருக்கின்றன.

பெரியப்பா: பழைய புத்தகத்துக்கு ஏது பார்கோடு?

நான்: அதெல்லாம் கையால்தான் பெரியப்பா. எண் இருந்தும் விவரம் வராத தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. அவற்றையும் தட்டச்சு செய்யத்தான் வேண்டும்.

தம்பி: அந்த ஐஎஸ்பிஎன்னின் 13 இலக்கங்களையும் 1, 3, 1, 3 என்று மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் விடை பூஜ்யத்தில் முடியுமாம். வீட்டில் ஐந்து புத்தகத்தில் போட்டுப் பார்த்தேன். ஐந்தும் சரி!

அம்மா: இதுதான் வீட்டுப்பாடமா?

சித்தி: அட, இதைப் பிள்ளைகளிடமே விடலாமே. கையால் அடிக்கும்போது எண் தப்பினால் அவர்களே பிடித்துவிடுவார்கள். அப்புறம், கோஹா என்கிற நூலக மென்பொருள் போடலாம் என்று ஒருவர் சொன்னார்.

நான்: நல்ல மென்பொருள், இலவசம். 1999இல் நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதத் தொடங்கியது. ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். உங்களிடம் எத்தனை புத்தகம்?

சித்தி: 2,000 இருக்கும்.

நான்: எக்செல் போதும் சித்தி. பிறகு வேண்டுமானால் மாறிக்கொள்ளலாம்.

*(மூன்று வாரம் கழித்து)*

சித்தி: 640 முடிந்தது. இன்று ஒரு பெண் ‘ராக்கெட்’ என்று தேடினாள். ஒன்றுமே வரவில்லை. புத்தகம் அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கிறது! நான் ‘விண்வெளியியல்’ என்று பதிந்து வைத்திருக்கிறேன் 🤦

பெரியப்பா: நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து விதிகள், 1931. நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி.

சித்தி: அத்தான், நூலகவியல் படித்தது நான் 😄

நான்: பட்டியலில் இன்னொரு நெடுவரிசை சேருங்கள். புத்தகத்தைத் திருப்பித் தருகிற பிள்ளை அதைப் பற்றி மூன்று சொல் சொல்லட்டும். அதையும் தேடலில் சேர்த்துவிடலாம். உங்கள் சொல்லும் இருக்கட்டும்.

*(மறுவாரம்)*

சித்தி: இன்று வந்த சொற்கள்: ‘பாம்பு, பயம், படம் நிறைய’. ‘நிலநடுக்கம், பொறுமை வேண்டும், நல்லது’. ஒருவன் ‘சீக்கிரம் முடியும்’ என்று எழுதிவிட்டுப் போனான். அந்தப் புத்தகத்துக்கு இப்போது நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

பெரியப்பா: இது நன்றாக இருக்கிறதே! எந்த வகைப்பாட்டிலும் இல்லாத தலைப்பு.

சித்தி: இன்னொரு விஷயம் அத்தான். ஒரு பையன் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான். வரிக்குள்ளேயே தொலைந்துபோகிறான். நேற்று டேப்லெட் வாசித்துக் காட்ட, கூடவே வரியில் விரலை ஓட்டினான். முழுக் கதையையும் முடித்துவிட்டான்.

பெரியப்பா: காதில் கேட்டால் அது படிப்பாகுமா?

சித்தி: கண்ணும் வரியில்தானே இருந்தது. முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்டான். இந்த வருஷம் அவன் கேட்ட முதல் புத்தகம் அது.

பெரியப்பா: சரி.

சித்தி: ஆனால் பாதிக் கோப்புகளை அது வாசிக்கவே மாட்டேன் என்கிறது.

நான்: அவை ஸ்கேன் செய்த பிடிஎஃப்பாக இருக்கும். நமக்கு எழுத்து, அதற்கு வெறும் படம். ஓசிஆர் செய்து, அதாவது படத்திலிருக்கும் எழுத்தை உரையாக மாற்றி, பிழை திருத்த வேண்டும். எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்ததும் அப்படித்தான், தேடினால் குப்பையாக வரும்.

தம்பி: நெட் இல்லாவிட்டால்?

நான்: நெட் இல்லாமலே விக்கிப்பீடியா படிக்க கிவிக்ஸ் என்கிற செயலி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை ஒருமுறை இறக்கி வைத்தால் போதும்.

சித்தி: யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்று பெயரோடு பட்டியல் எடுத்துப் பலகையில் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள். எக்செல்லில் ஒரு நிமிஷ வேலை.

அம்மா: ஒட்டாதே. நான் பள்ளியில் படித்தபோது ஒரு புத்தகத்தை வேறு அட்டை போட்டு மறைத்துத்தான் படித்தேன். பெயர் ஒட்டுவார்கள் என்று தெரிந்திருந்தால் அதைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

தம்பி: என்ன புத்தகம் அம்மா?

அம்மா: வீட்டுப்பாடம்.

சித்தி: சரி அக்கா. எண்ணிக்கை மட்டும் ஒட்டுகிறேன். அத்தான், உங்களுக்கும் ஒரு வேலை. ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் தமிழ்க் கதைகள் இருக்கின்றன. எழுதியவர் பெயரைச் சொல்லிவிட்டு நாமே வாசித்துப் பதியலாம். அந்தப் பையனுக்கு இயந்திரக் குரல் அலுத்துவிட்டதாம்.

பெரியப்பா: என் குரலையா?

பெரியப்பா: 🎤 குரல் செய்தி (4:12)

தம்பி: பெரியப்பா, மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது.

பெரியப்பா: இரு, அணைத்துவிட்டு வருகிறேன்.