மறு: ‘குடிவரவு அதிகாரப் பரவலாக்கம்’ பொருந்துமா?

வணக்கம்.

> நடுவணரசின் குடிவரவுக் கொள்கை உள்ளூர் அரசுகளின் கைக்குப் போவதைக் ‘குடிவரவு அதிகாரப் பரவலாக்கம்’ எனலாமே. வழக்கில் உள்ள சொல்தானே?

வழக்கில் இருப்பதுதான் சிக்கல். பரவலாக்கம் என்றால் மேலே இருப்பவர் மனமுவந்து கொடுத்தார், கீழே இருப்பவர் வாங்கிக்கொண்டார் என்றாகிவிடும். அமெரிக்காவில் நடந்தது அப்படி அன்று.

கொடுத்ததும் உண்டு. 1996இல் குடிவரவுச் சட்டத்தில் 287(ஜி) என்ற உட்பிரிவு சேர்ந்தது. மாநில, கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பகுதி) காவலர்கள் ஒப்பந்தத்தின் பேரில் பயிற்சி பெற்று, நடுவண் அதிகாரிகளின் மேற்பார்வையில் குடிவரவுப் பணிகள் சிலவற்றைச் செய்யலாம். 2002இல் புளோரிடா முதலில் கையெழுத்திட்டது. மேற்பார்வை கைமாறாதபோது இதைக்கூடப் பரவலாக்கம் என்பது மிகை. ‘ஒப்படைப்பு’ போதும்.

ஹேசில்டனை என்ன சொல்வது? பென்சில்வேனியாவின் அந்தச் சிறு நகரம் 2006இல், குடிவரவு ஆவணமற்றவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுவோரையும் வேலை கொடுப்போரையும் தண்டிக்கத் தானே சட்டம் இயற்றியது. யாரும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டது. நீதிமன்றங்கள் முடக்கின. 2010இல் அரிசோனா மாநிலம், ஆவணமற்ற குடிவரவாளர்கள்மேல் தானே நடவடிக்கை எடுக்க, எஸ்பி 1070 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. 2012இல் உச்ச நீதிமன்றம், வழக்குக்கு வந்த நான்கு பிரிவுகளில் மூன்றைத் தள்ளியது. காவலர் நிறுத்தியவரின் குடிவரவு நிலையை விசாரிக்கச் சொல்லும் பிரிவு மட்டும் பிழைத்தது. இதையும் ‘பரவலாக்கம்’ என்று எழுதினால் வழக்கின் சாரமே தலைகீழாகிவிடும்.

மூன்றாவது வகையில் சொல் அடியோடு முறிகிறது. குடிவரவு நிலையை அறிவதற்காகவே ஒருவரை விசாரிக்கத் தொடங்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறை 1979இலேயே தன் காவலர்களுக்கு உத்தரவிட்டது. சான் பிரான்சிஸ்கோ 1989இல் இதே போக்கில் நகரச் சட்டமே இயற்றியது. இவை புதிய அதிகாரம் எதையும் எடுக்கவில்லை. நடுவணரசின் குடிவரவு வேலையைச் செய்ய மறுத்தன, மறுப்பே கொள்கையாயிற்று. இந்த மறுப்புக்குப் பெரிய அரண் 1997இல் வந்த தீர்ப்பு. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் வேலையை உள்ளூர்க் காவல் தலைவர்கள்மேல் சுமத்திய சட்டம் பற்றியது அந்த வழக்கு. நடுவணரசு தன் திட்டத்தை நிறைவேற்ற அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது உச்ச நீதிமன்றம். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்த்தவர்கள் வென்ற வழக்கு பின்னாளில் குடிவரவாளர்களுக்குக் கேடயமாயிற்று!

ஆகவே என் முன்மொழிவு: குடிவரவு அதிகார நகர்வு. ‘நகர்வு’ தன்வினை, நகர்த்தியவர் யார் என்று சொல் முன்கூட்டியே தீர்ப்பளிக்காது. அதன்கீழ் ஒப்படைப்பு, கைக்கொள்ளல், ஒத்துழையாமை என்று பிரிக்கலாம். கடைசிச் சொல்லில் விடுதலைப் போராட்ட வாடை வீசுகிறது என்பீர்கள். வீசட்டும்.

> ‘உள்ளாட்சிமயம்’?

அரிசோனா மாநிலம், உள்ளாட்சி ஆகாது.

‘குடிவரவு’க்குப் பதில் ‘குடியேற்றம்’ வேண்டாம் என்பதில் இலங்கை நண்பர்களோடு உடன்படுகிறேன்; அங்கே அது அரசு நிலத்தில் மக்களைக் குடியமர்த்தும் திட்டங்களை நினைவூட்டும். மலேசிய வழக்கான ‘குடிநுழைவு’ம் நல்ல சொல்தான், எனக்கு மறுப்பில்லை.

இப்படி ஒத்துழைக்க மறுக்கும் நகரங்களை (sanctuary city) ‘புகலிட நகரம்’ என்பதைத் தவிர்க்கக் கேட்கிறேன். புகலிடம் வழங்குவது சட்டப்படி நடுவணரசின் வேலை. எந்த நகரமும் அதைத் தர முடியாது. ‘அடைக்கல நகரம்’ பரவாயில்லை.

இன்னொன்று பாக்கி. விடுதலையாக வேண்டியவரை மேலும் 48 மணி நேரம் வரை வைத்திருக்குமாறு உள்ளூர்ச் சிறைக்கு நடுவண் அதிகாரிகள் அனுப்பும் தாளுக்கு என்ன பெயர்? ‘தடுப்பாணை’ கூடாது. அது வேண்டுகோள்தான், கட்டளை அன்று என்று 2014இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ‘தடுத்துவைப்புக் கோரிக்கை’ சரியாக இருக்கிறது, ஆனால் நீளம். குறுகிய சொல் யாரிடமாவது இருக்கிறதா?