கூண்டில் மிரளும் காக்கட்டியல் கிளி

கேள்வி – கிருஷ்ணகிரி
வணக்கம். எங்கள் வீட்டிற்குப் புதிதாக வந்துள்ள காக்கட்டியல் கிளி, யாராவது அருகில் சென்றாலே கொண்டையை விறைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கிவிடுகிறது. இரவிலோ திடீரென்று சிறகடித்துக் கம்பிகளில் மோதிக்கொள்கிறது. கூண்டு கூடத்தின் நடுவில் இருக்கிறது. அது நிம்மதியாக இருக்க என்ன செய்யலாம்?

பதில் – தருமபுரி
ஐயா, முதலில் கூண்டின் ஒரு பக்கமாவது சுவரையொட்டி இருக்கும்படி வையுங்கள். நாற்புறமும் திறந்திருந்தால், எத்திசையிலிருந்து ஆபத்து வருமோ என்ற பதற்றம் அதற்கு ஓயாது. இரவு மிரட்சி இந்த இனத்தில் சாதாரணம். முழு இருட்டில் சிறு ஓசையும் அதைக் கலவரப்படுத்துவதால், மங்கலான விளக்கொன்றை எரியவிட்டு, 10 முதல் 12 மணி நேரம் தூங்க விடுங்கள். கடையில் தரும் வழவழப்பான குச்சியை மட்டும் நம்பாமல், மருந்து தெளிக்காத கொய்யாக் கிளைகளைப் பட்டையோடு, வெவ்வேறு பருமனில் கட்டுங்கள். அந்தப் பட்டையை நார் நாராக உரித்துப் போடுவதே அதற்குப் பெரும் பொழுதுபோக்கு.

பதில் – ஓசூர்
சமையலறைப் பக்கம் வேண்டவே வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும்போது எழும் புகை பறவைகளைக் கொன்றுவிடும். பழகும்வரை கையை உள்ளே விடாமல், அருகில் அமர்ந்து மெல்லப் பேசியபடி கம்பியிடையே தினைக் கதிரை நீட்டுங்கள்.