1770களின் வர்ஜீனியா: உழைக்கும் மக்கள் உடுத்திய அடுக்குகள்

மேடைக்கோ அருங்காட்சியகத்துக்கோ 1770களின் அமெரிக்க வர்ஜீனியாவில் உழைத்த பெண்களின் உடையைத் தைப்பவர்கள் பலர் கவுனில் தொடங்கிவிடுகிறார்கள். அடிப்படை உள்ளே இருக்கிறது. முதலில் ஷிஃப்ட், அதாவது முழங்காலைத் தொடும் தளர்வான லினன் (ஆளிநூல்) உள்ளாடை. அடுத்து காலுறையும் காலணியும், ஏனென்றால் ஸ்டேஸ் (மேலுடலைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கும் விறைப்பான உள்ளுடை) இறுக்கிய பிறகு குனிவது சிரமம். காலுறை நழுவாமல் முழங்கால் அருகே நாடா கட்டுவார்கள். அதன்மேல் ஸ்டேஸ், இடுப்பில் கட்டும் துணிப்பை, ஒன்றிரண்டு பாவாடைகள், தளர்வான மேல்சட்டை, கழுத்துத்துணி, ஏப்ரன், தொப்பி. மேல்சட்டையின் முன்பக்கத்துக்குப் பொத்தான் வேண்டாம், குண்டூசி போதும்.

பாவாடையின் பின்பாதி நாடாவை முன்னால் கட்டி, முன்பாதி நாடாவைப் பின்னால் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். இரு பக்கமும் ஒரு சாண் தைக்காமல் விட்டால்தான் உள்ளே இருக்கும் பைக்குள் கை போகும். கீழ் விளிம்பு துணியின் நேர்கோட்டிலேயே இருக்கட்டும். உயரத்தை இடுப்புப் பக்கம்தான் சரிசெய்ய வேண்டும், அதுவும் உள்ளடுக்குகளை எல்லாம் அணிந்த பிறகு. முன்பே அளந்தால் பின்புறம் தூக்கிக்கொள்ளும்.

—

ஸ்டேஸ் பற்றிச் சேர்க்கிறேன். அதன் இரு விளிம்புகளையும் இணைக்கும் கயிறு ஒன்றுதான், துளைகள் வழியே சுருளாக ஏறும். அதனால் துளைகள் எதிரெதிராக இருக்கக் கூடாது. ஒரு பக்கம் அரைப்படி தள்ளி இருக்க வேண்டும். நேருக்கு நேர் போட்டால் ஒரு விளிம்பு மேலே ஏறி முதுகு கோணலாகிவிடும். துளைகள் கையால் நூல் சுற்றியவை. உலோக வளையம் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. வெறிகொண்டு இழுத்தால் துணி கிழியும். இடுப்பை நசுக்குவது அல்ல, உடலைத் தாங்குவதே இதன் வேலை. தண்ணீர் சுமந்த பெண்களும் இதை அணிந்துதான் சுமந்தார்கள்.

—

ஆண்களின் சட்டை முழுக்கச் சதுரமும் செவ்வகமும்தான். துணி வீணாவதே இல்லை. இந்த வெட்டு எனக்கு அவ்வளவு பிடிக்கும். அக்குளில் வைக்கும் சதுரத் துண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் பிரீச்சஸிலிருந்து (முழங்கால்வரை வரும் கால்சட்டை) வெளியே வந்துவிடும், தோள்தையலும் விடும். தொடைவரை நீண்ட அடிப்பகுதியைக் கால்களுக்கிடையே மடித்துவிட்டால் அதுவே உள்ளாடை, இரவில் அதுவே படுக்கை உடையும்கூட. பிரீச்சஸ் பின்புறம் தொளதொளவென்று இருப்பது தையல்காரரின் பிழை அல்ல. இன்றைய பேன்ட் போலப் பிடித்துத் தைத்தால் உட்காரும்போது கிழியும். அதற்கு மேல் வெயிஸ்ட்கோட், கோட்.

வியர்வையை லினன் வாங்கிக்கொள்ளும். அதைக் கார நீரில் வெளுத்து வெயிலில் காயவைப்பார்கள். கம்பளி மேலுடையைத் துவைப்பது அரிது; தட்டி, பிரஷ் போட்டு வைப்பார்கள். உள்துணி இரண்டு மூன்று மாற்று இல்லாமல் இந்த அமைப்பு நடக்காது. வெளுப்பில் கலந்துவிடாமலிருக்க அவற்றில் பெயரின் முதலெழுத்தைச் சிறு குறுக்குத் தையலில் போடுவார்கள்.

—

அடிமைப்படுத்தப்பட்டவர்களின் உடையை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முழுமையாகாது. வர்ஜீனியா அல்லாத இன்னொரு காலனியான தெற்கு கரோலினாவின் 1740 சட்டம் அவர்கள் எந்தெந்த மலிவுத் துணியை உடுத்தலாம் என்றே பட்டியலிட்டது. ஆஸ்னபர்க் அதில் ஒன்று. தப்பியோடியவர்களைத் தேடி வந்த செய்தித்தாள் விளம்பரங்கள் துணி, நிறம், ஒட்டுத்துணி வரை சொல்கின்றன. உழைப்பாளி உடைக்கு இவ்வளவு நுணுக்கமான ஆதாரம் வேறு கிடைப்பது கடினம். ஆனால் எழுதியவர்கள் உடைமையாளர்கள் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். இன்னொன்று: இன்று ஆஸ்னபர்க் என்று விற்பது பெரும்பாலும் பருத்தி, அன்றையது முரட்டு லினன். வாங்கும்முன் என்ன நூல் என்று கேளுங்கள்.