அந்தக் காலத்து அப்பாக்களும் நாவலும்

கேள்வி (காரைக்குடி): ஞாயிற்றுக்கிழமை வளவில் உட்கார்ந்து வாசகர் வட்டத்தில் பேச வேண்டும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெண்பிள்ளைகள் நாவல் படிப்பதை வீட்டார் எப்படிக் கட்டுப்படுத்தினார்கள்? "தடுத்தார்கள்" என்பது மட்டும் போதாது.

பதில் (தேவகோட்டை): பாதி வேலையை வாடகை நூலகமே பார்த்துவிட்டது அக்கா. மூன்று பாக நாவல் 31 ஷில்லிங் 6 பென்ஸ், யாருக்குக் கட்டுப்படியாகும்? லண்டனில் மூடி (Mudie) என்பவர் நடத்திய வாடகை நூலகத்தில் ஆண்டுக்கு 1 கினி (21 ஷில்லிங்), ஒரு தடவைக்கு ஒரு பாகம். வீட்டுப் பெண்கள் கையில் கொடுக்கக் கூசும் நாவலை அந்த மூடி தன் நூலகத்துக்கு வாங்கவே மாட்டார். அப்புறம் அப்பாவுக்கு என்ன வேலை?

பதில் (கோட்டையூர்): இருந்தது அண்ணே. மாலையில் உரக்க வாசித்துக் காட்டுவார்கள். ஆகாத வரி வந்தால் குரல் தடுமாறாமல் தாண்டிவிட வேண்டும். அந்தத் தாண்டலையே அச்சில் ஏற்றியதுதான் 1807இல் வந்த 'குடும்ப ஷேக்ஸ்பியர்', 20 நாடகங்கள். கத்தரித்தவர் ஹென்ரியட்டா பவுட்லர். பேர் வாங்கியது தம்பி தாமஸ்!

கேள்வி கேட்டவர்: கத்தரி பிடித்ததும் ஒரு பெண்தானா! இதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன்.