வார்டு நிறைஞ்சு வழிஞ்சுச்சு, நர்ஸ் சம்பளம் மட்டும் ஏன் வெட்டுனாங்க?

கேட்டவர்: தறிக்காரன் மகன்

எங்கக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ். 2020 ஏப்ரல்ல இருந்து நாலு மாசம் சம்பளத்துல நாப்பது சதம் வெட்டிட்டாங்க. "அப்புறம் தர்றோம்"னாங்க, இன்னும் வரல. 2021 மே மாசம் அதே வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நின்னுச்சு. கொரோனாவுல ஆஸ்பத்திரிக்கு நஷ்டம்கிறது நெசமா, கதையா?

பதில்: கேஷ் கவுண்டர்

அறுபது படுக்கை ஆஸ்பத்திரி ஒண்ணுல 2022 வரைக்கும் அக்கவுண்ட்ஸ் பாத்தேனுங்க. ஊரு பேரு வேண்டாம். முதல் அலையில நஷ்டம் நெசம். ரெண்டாவது அலைக்கும் அதே பாட்டைப் பாடுனா நம்பாதீங்க.

எங்களுக்குச் சோறு போட்டது காய்ச்சல் கேஸ் இல்லீங்க. ஹெர்னியா, பித்தப்பைக் கல்லு, கர்ப்பப்பை, முழங்கால்னு நாள் பாத்து வந்து படுக்கிற ஆபரேஷன்தான். அதை நம்பித்தான் லேப், ஸ்கேன், மருந்துக்கடை எல்லாம். மார்ச் 25 ஊரடங்கோட தியேட்டர்ல பிரசவமும் விபத்தும் மட்டும்னு ஆயிருச்சு. பஸ் இல்ல, ஓ.பி.யில முந்நூறு டோக்கன் போன இடத்துல நாப்பது. ஸ்கேன் மெஷின் தவணையை ஆகஸ்ட் 31 வரைக்கும் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி வழி விட்டுச்சு, ஆனா வட்டி ஓடிட்டேதான் இருந்துச்சு.

ஜூன்ல தனியார் ஆஸ்பத்திரி கொரோனா வைத்தியத்துக்கு அரசு ரேட் போட்டுச்சு. சாதா வார்டு நாளுக்கு 5,000 இல்ல 7,500, ஆஸ்பத்திரி தரத்தைப் பொறுத்து. ஐ.சி.யு. அதிகபட்சம் 15,000. போட்டது சரிதான், இல்லாட்டி சனம் வீட்டை வித்திருக்கும். ஆனா ஆள் கணக்கைப் பாருங்க. கவச உடைக்குள்ள தண்ணி குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. அதனால எட்டு மணி நேர டூட்டி ஆறாச்சு, மூணு ஷிப்டு நாலாச்சு. ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் தனிமை. ஆக மூணு பேர் பாத்த எடத்துக்கு எட்டு பேர் வேணும். எங்க நர்ஸுங்கள்ல பாதி கேரளா. வண்டி விட்டதுமே ஊருக்குப் போயிட்டாங்க. அரசு ஒப்பந்தத்துல ஆள் எடுக்கவும் இன்னும் சிலர் அங்க போனாங்க.

என்95 மாஸ்க்கைப் பழுப்புக் கவர்ல போட்டு, பேரும் கிழமையும் எழுதி, ஜன்னல் கம்பியில கிளிப் மாட்டித் தொங்க விடுவோம். திங்கக்கிழமை போட்டது வெள்ளிக்கிழமை திரும்ப வரும். ஒரு புள்ள தன் கவர்ல "எடுத்தா கை ஒடியும்"னு எழுதி வெச்சிருந்துச்சு. கவச உடை, கையுறைக்குப் போட்ட பில்லை இன்சூரன்ஸ்காரங்க பாதிக்கு மேல வெட்டுனாங்க. அப்ப ஆஸ்பத்திரி சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதனால சாமான் வாங்கும்போது கட்டுன வரியையும் திரும்ப எடுக்க வழியில்லாமப் போச்சு.

2021 வேற கதை. ஆக்சிஜனுக்கு அலைஞ்சது பெரிய பாடு. மூக்கு வழியா ஆக்சிஜனை வேகமா ஏத்துற ஹை ஃப்ளோ மெஷின் முழு வேகத்துல நிமிஷத்துக்கு 60 லிட்டர் குடிக்கும், ஜம்போ சிலிண்டர்ல இருக்கிறது 7,000 லிட்டர். ஒரு ஆளுக்கு ரெண்டு மணி நேரம் முழுசா வராது. ஆனா ஒரு படுக்கை காலி இல்ல. ஜூன் முடியறதுக்குள்ள மருந்து ஏஜென்சி பாக்கி, பேங்க் தவணை எல்லாத்துக்கும் செக் போயிருச்சு. செக் எழுதுனவன் நான்தான்.

எங்க நர்ஸுங்ககிட்ட வெட்டுன சம்பளத்தை மட்டும் யாரும் கேக்கல. ஏன்னா கணக்குலயே அது இல்ல. மருந்துக்காரன் பாக்கி பேரேட்டுல நின்னுச்சு. இவங்க சம்பளத்துல பிடிச்ச பணத்தைக் "கொடுக்க வேண்டியது"ன்னு நாங்க ஏத்தவே இல்ல. ஏத்தச் சொல்லி யாரும் சொல்லல, நானும் கேக்கல.

அக்காவோட ஏப்ரல் சம்பளச் சீட்டைப் பாருங்க. "நிறுத்திவைப்பு"ன்னு, அதாவது அப்புறம் தர வேண்டியதுன்னு தனியா போட்டிருக்கா, இல்ல அடிப்படைச் சம்பளத்தையே குறைச்சிருக்கா?

பதில்: நைட் டூட்டி

அரசு வேலைக்குப் போனவங்க கதையையும் சொல்லிடுங்க அண்ணா. 2021 மே மாசம் ஊக்கத்தொகை அறிவிச்சாங்க, டாக்டருக்கு 30,000, நர்ஸுக்கு 20,000. அதுல குறை இல்ல. ஆனா கொரோனாவுக்குன்னு ஒப்பந்தத்துல வந்த ரெண்டாயிரத்துக்கு மேல நர்ஸுங்களுக்கு 2022 டிசம்பர் 31ஓட நீட்டிப்பு இல்லாமப் போச்சு. அந்தப் பொங்கல் சமயத்துல பல பேர் போராட்டப் பந்தல்லதான் இருந்தாங்க.

கேட்டவர்: தறிக்காரன் மகன்

சீட்டு எடுத்துப் பாத்தேண்ணா. அடிப்படையையே குறைச்சுப் போட்டிருக்கு. கையெழுத்து எதுவும் வாங்கலைன்னு அக்கா சொல்லுது.

பதில்: கேஷ் கவுண்டர்

அடிப்படையைக் குறைச்சா பி.எஃப். தொகையும் குறையும். அப்ப பி.எஃப். பாஸ்புக்கை எடுங்க. பிப்ரவரியையும் ஏப்ரலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. மே, ஜூன், ஜூலை வேண்டாம். அந்த மூணு மாசம் நாடு முழுக்கவே பி.எஃப். 12 சதத்துல இருந்து 10 ஆச்சு, கணக்கு குழம்பும். ஏப்ரல்லயே தொகை கொறைஞ்சிருந்தா அதைப் பிரிண்ட் எடுத்து, அக்காகூட வேலை பாத்தவங்களோடதையும் சேத்து, தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூட்டாப் போங்க. ஒத்தையா போகாதீங்க.